நல்ல தாயும் சகுணாவும்

எம்.கே.பி. நகர், சர்மா நகர், வியாசர்பாடிப் பக்கத்துச் சபைகளில் மாதர் ஞாயிறு என்றால் நீதிமொழிகள் 31-ஆம் அதிகாரம்தான். இருட்டோடு எழுந்து சமைப்பவள், நூல் நூற்பவள், நிலம் வாங்கித் தோட்டம் வைப்பவள், ஏழைக்குக் கொடுப்பவள், கணவனுக்கு ஊரில் மதிப்புத் தேடித் தருபவள் என்று அந்தக் குணசாலியான பெண்ணின் வேலைகளைப் பிரசங்கியார் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்வார். கேட்டுக்கொண்டிருக்கும் பெண்களில் பலர் அன்று காலை நாலரைக்கே எழுந்து, மோட்டார் போட்டுத் தண்ணீர் பிடித்து, காலைச் சாப்பாட்டை முடித்து, மத்தியானக் குழம்பையும் இறக்கி வைத்துவிட்டு ஆராதனைக்கு வந்தவர்கள். அந்தப் பட்டியல் அவர்களுக்குப் புதிதில்லை. அவர்கள் மனதில் இருக்கும் கேள்வி வேறு. இத்தனை வேலைக்கு நடுவில் என் வீட்டில் ஆண்டவருக்கு எங்கே இடம் வைப்பது? எனக்கு எங்கே இடம் வைப்பது?

இந்தக் கேள்வியின் இரண்டு பாதிகளுக்கும் சென்னையில் வாழ்ந்த இரண்டு கிறிஸ்தவப் பெண்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பதில் தேடியிருக்கிறார்கள். இருவரும் ஒரே குடும்பம். ஒருவர் அன்னாள் சத்தியநாதன். மற்றவர் அவருடைய மகன் சாமுவேலை மணந்த கிருபாபாய் சத்தியநாதன். மாமியார் 1862-இல் தமிழில் 'நல்ல தாய்' என்ற சிறு நூலை எழுதி வெளியிட்டார். அதே 1862-இல், பிப்ரவரி மாதம், மராட்டியத்தின் அகமத்நகரில் மருமகள் பிறந்தார். பின்னாளில் அவர் ஆங்கிலத்தில் எழுதிய 'சகுணா' என்ற தன்வரலாற்று நாவல் 1887, 88-ஆம் ஆண்டுகளில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி இதழில் தொடராக வந்தது. 'நல்ல தாய்' கிறிஸ்தவத் தாயின் கடமையைச் சொல்கிறது. 'சகுணா' ஒரு கிறிஸ்தவப் பெண்ணின் உள்ளம் வளர்ந்த கதையைச் சொல்கிறது. கிருபாபாய் மருமகளாக அந்தக் குடும்பத்துக்குள் வந்தது 1881-இல். அன்னாள் 1890-இல் கண்மூடினார். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வேலை நமக்குத்தான் மிச்சமிருக்கிறது.

அன்னாள் பிறந்ததே விசுவாசத்தில் ஊறிய வீட்டில். தந்தை ஜான் தேவசகாயம் தரங்கம்பாடி மிஷனில் வளர்ந்தவர். 1830-இல் குருப்பட்டம் பெற்றுத் தென்னிந்திய ஆங்கிலிக்கன் சபையின் தொடக்ககால இந்தியக் குருமாரில் ஒருவரானார். திருநெல்வேலிச் சீமையில் கடாட்சபுரத்தில் நெடுங்காலம் ஊழியம் செய்தார். தரங்கம்பாடிச் சீர்திருத்த மரபு தொடக்கத்திலிருந்தே எழுத்தோடு பிணைந்தது. 1706-இல் அங்கே வந்திறங்கிய சீகன்பால்கு மறு ஆண்டே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தார். 1715-இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறி முடிந்தது. வேதத்தைத் தானே வாசிக்க வேண்டும் என்பது அந்த மார்க்கத்தின் அடிப்படை என்பதால், வாசிக்கத் தெரிந்த தாய் வீட்டுக்குத் தேவைப்பட்டாள். நம் வீடுகளில் இன்றும் ராத்திரி ஜெபத்தில் வேதப்பகுதியை வாசிப்பது பெரும்பாலும் அம்மாதான் என்றால், அதன் வேர் அங்கே இருக்கிறது.

அன்னாளின் கணவர் டபிள்யூ. டி. சத்தியநாதன் இந்துவாகப் பிறந்தவர். பாளையங்கோட்டையில் வில்லியம் குரூக்ஷாங்ஸ் என்ற பார்வையற்ற தலைமையாசிரியரின் பள்ளியில் படிக்கும்போது கிறிஸ்துவை ஏற்று 1847-இல் ஞானஸ்நானம் பெற்றார். 1860-களின் தொடக்கத்தில் இருவரும் சென்னைக்கு வந்தார்கள். சிந்தாதிரிப்பேட்டை சீயோன் ஆலயத்தின் போதகராக அவர் இருந்தார். அமெரிக்க மிஷனெரிகள் கட்டிய அந்த ஆலயம் இன்றும் இருக்கிறது, எம்.கே.பி. நகரிலிருந்து பேருந்தில் போய் வரும் தூரம்தான். போதகர் மனைவி என்றால் ஆலயத்துப் பூச்சாடியையும் திருவிருந்து மேசை விரிப்பையும் பார்த்துக்கொள்பவர் என்று அன்னாள் நின்றுவிடவில்லை. சுற்றுவட்டாரத்து இந்துப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிகள் தொடங்கினார். வெளியே வர முடியாத பெண்களை அவரவர் வீட்டுக்கே போய்ச் சந்தித்துப் படிப்பிக்கும் ஜெனானா ஊழியத்தை நடத்தினார். 1878-இல் கணவரோடு இங்கிலாந்து போய்வந்தார். 1890-இல் காலமானார். சத்தியநாதனுக்குப் பின் சீயோன் ஆலயப் போதகப் பொறுப்பு மருமகன் டபிள்யூ. டி. கிளார்க்கின் கைக்கு வந்தது.

இந்தப் பெண்மணிதான் 'நல்ல தாய்' எழுதினார். பிள்ளையைக் கிறிஸ்துவுக்குள் வளர்க்கும் பொறுப்பு முதலில் தாயுடையது என்பது அதன் அடிநாதம். அந்தக் காலத்து மிஷன் உலகம் முழுவதும் இந்தக் குரல் கேட்டது. இங்கிலாந்தில் ஜான் வெஸ்லியின் தாய் சுசன்னாவை எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். 19 பிள்ளைகளைப் பெற்று, பலரைப் பறிகொடுத்து, மிஞ்சியவர்களுக்குத் தானே எழுத்தறிவித்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரத்தில் தனி நேரம் ஒதுக்கியவர் அவர். தமிழ்ச் சபைகளிலும் அவர் கதை பலமுறை பிரசங்கமாகியிருக்கிறது. ஆனால் அன்னாள் வெளியிலிருந்து ஒரு மாதிரியை அப்படியே இறக்கிக்கொண்டார் என்று நான் நினைக்கவில்லை. பாட்டி லோவிசாளிடமிருந்தும் தாய் ஐனிக்கேயாளிடமிருந்தும் தீமோத்தேயுவுக்கு விசுவாசம் வந்ததாகப் பவுல் எழுதியது அவர் கண்முன்னே தன் பிறந்த வீட்டில் நடந்திருக்கிறது. வழிவழியாக வந்த விசுவாசத்தை அடுத்த தலைமுறைக்கு உடையாமல் ஒப்படைப்பதுதான் அவர் கவலை. அந்தக் கவலைக்கு ஒரு ஒழுங்கு வேண்டும்: குறித்த நேரம், குறித்த பாடம், பாட்டு, ஜெபம், கண்டிப்பு, அன்பு. அன்னாளின் வீடு பிள்ளையிலிருந்து தொடங்குகிறது.

கிருபாபாயின் வீடு அங்கே தொடங்கவில்லை. அவருடைய பெற்றோர் ஹரிபந்த், ராதாபாய் இருவரும் பிராமணர்கள். பம்பாய் மாகாணத்தில் முதன்முதல் கிறிஸ்தவரான பிராமணர்களில் வைத்து எண்ணப்படுபவர்கள். அவர் சிறுமியாக இருக்கும்போதே தந்தை இறந்துவிட்டார். அண்ணன் பாஸ்கர்தான் அவருக்குப் புத்தக உலகத்தைத் திறந்துவிட்டவர். அவரும் இளவயதில் இறந்தார். பம்பாயில் மிஷன் பள்ளியில் படித்த கிருபாபாய்க்கு இங்கிலாந்தில் மருத்துவம் படிக்க உதவித்தொகை கிடைத்தது. உடம்பு தாங்காது என்று அனுப்ப மறுத்துவிட்டார்கள். சென்னை மருத்துவக் கல்லூரி 1875-லிருந்து பெண்களைச் சேர்க்கத் தொடங்கியிருந்தது. 1878-இல் அங்கே வந்து சேர்ந்தார். தங்கியது சத்தியநாதன் போதகரின் வீட்டில். முதலாண்டில் நன்றாகப் படித்தார். பிறகு உடல்நலம் கெட்டுப் படிப்பை விட நேர்ந்தது. கேம்பிரிட்ஜில் படித்துத் திரும்பிய சாமுவேலும் அவரும் விரும்பி மணந்தார்கள்.

அடுத்த சில ஆண்டுகள் கணவரின் வேலையைத் தொடர்ந்து ஊர் ஊராகப் போனார்கள். உதகமண்டலத்தில் சாமுவேல் பிரீக்ஸ் நினைவுப் பள்ளியின் தலைமையாசிரியர். கிருபாபாய் அங்கே முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கினார். பிறகு ராஜமகேந்திரபுரம், கும்பகோணம். 1886-இல் சென்னைக்குத் திரும்பினார்கள். ஒரு குழந்தை பிறந்து, ஒரு வயது முடியுமுன் இறந்தது. எலும்புருக்கி நோய் அவரை மெல்லத் தின்றது. 'கமலா' என்ற இரண்டாவது நாவலை நோய்ப்படுக்கையில் எழுதி முடித்தார். 1894 ஆகஸ்ட் 3 அன்று, 32 வயதில் இறந்தார்.

'சகுணா'வில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது நாயகியின் தாய் ராதாவின் கதை. கணவர் கிறிஸ்துவை நாடுகிறார் என்று தெரிந்ததும் அவள் அஞ்சி நடுங்குகிறாள். கணவன் பின்னால் போகிறாள், ஆனால் தன் தெய்வங்களை உடனே விட்டுவிடவில்லை. ஒரே கூரையின் கீழ் இரண்டு வழிபாடு நடக்கிறது. அவள் மனம் மெல்ல, தன் வேகத்தில், திரும்புகிறது. அந்தத் தாமதத்தை மகள் குற்றமாக எழுதவில்லை. பயந்த ஒரு பெண்ணுக்கு நேரம் கொடுக்கப்பட்டது. அந்த நேரம் வீண்போகவில்லை. நாயகியும் அப்படித்தான்: விசுவாசத்துக்குள் பிறந்தவளானாலும் கேள்வி கேட்டு, படித்து, மனம் சோர்ந்து, மீண்டும் பற்றிக்கொண்டுதான் அதைத் தன்னுடையதாக்கிக்கொள்கிறாள். இந்தியக் கிறிஸ்தவர்களைத் தாழ்வாக நடத்திய மிஷனெரிப் பெண்களின் மேட்டிமையையும் அந்த நூல் மூடி மறைக்கவில்லை. விசுவாசமுள்ள பெண் வாய்மூடி இருக்க வேண்டியதில்லை என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. கல்யாணம் அவருக்கு இரு மனங்களின் தோழமை. கிருபாபாயின் வீடு அந்தப் பெண்ணிடமிருந்தே தொடங்குகிறது.

இருவருக்கும் நடுவே உள்ள பெரிய வேறுபாடு இதுதான். மற்ற வேறுபாடுகள் இதிலிருந்து கிளைத்தவை. அன்னாள் தமிழில் எழுதினார். கேட்க வேண்டியவர்கள் தமிழ்த் தாய்மார்கள். கிருபாபாய் ஆங்கிலத்தில் எழுதினார். அவர் நூலை வாசித்தவர்கள் படித்த இந்தியரும் வெள்ளைக்காரரும். அதனால்தான் ஒருவர் செய்ய வேண்டியதைச் சொல்கிறார், மற்றவர் நடந்ததைச் சொல்கிறார். கிருபாபாயும் வீட்டுப் பொறுப்பைத் தள்ளிவிட்டவர் இல்லை. வீட்டில் பிள்ளைகளைப் பயிற்றுவிப்பது, வீட்டில் பெண்ணின் செல்வாக்கு, பெண்கல்வி பற்றியெல்லாம் கட்டுரைகள் எழுதினார். அவர் மறைவுக்குப் பின் 1896-இல் அவை தொகுப்பாக வந்தன. பொருளைப் பார்த்தால் மாமியார் எழுதியதும் மருமகள் எழுதியதும் ஒன்றுதான். ஆனால் மருமகள், பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய பெண்ணின் மனம் முதலில் விரிய வேண்டும் என்ற இடத்தில் ஊன்றி நிற்கிறார்.

துயரத்தில் இருவரும் இன்னும் தெளிவாகப் பிரிகிறார்கள். 'நல்ல தாய்' என்ற தலைப்பே மடியில் பிள்ளை இருப்பதாக வைத்துக்கொண்டு பேசுகிறது. மடி வெறுமையாக இருக்கும் பெண்ணுக்கு அதில் என்ன இருக்கிறது? நம் சபைகளில் கல்யாணமாகி இரண்டு ஆண்டு கடந்தால் போதும், 'விசேஷம் உண்டா?' என்ற கேள்வி வந்துவிடும். அந்தப் பெண்ணை முன்னால் அழைத்து, எல்லாரும் பார்க்க முழங்காலில் நிறுத்தி, கைவைத்து ஜெபிப்பார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் அவள் வீடு இன்னும் வீடாகவில்லை என்ற தீர்ப்பும் அந்த ஜெபத்தோடு சேர்ந்து அவள் தலையில் இறங்குகிறது. கிருபாபாய் தன் ஒரே பிள்ளையைப் பறிகொடுத்தவர். அதற்குப் பிறகும் அவர் வீட்டில் விசுவாசம் இருந்தது, எழுத்து இருந்தது, கணவரின் தோழமை இருந்தது. பிள்ளையில்லாத கிறிஸ்தவ வீடும் நிறைவான வீடாக இருக்க முடியும் என்பதற்கு அவர் வாழ்க்கையே சாட்சி. இந்த ஒரு காரணத்துக்காகவே அவர் கதையை நம் பெண்கள் கூடுகைகளில் சொல்ல வேண்டும்.

இருவரும் ஒத்துப்போகும் இடம் ஒன்று உண்டு. வீட்டைக் கட்டுவது பற்றிப் பேசுகிறவர்கள் அதை எளிதில் மறந்துவிடுகிறார்கள். இருவரின் வீட்டுக் கதவும் தெருவுக்குத் திறந்திருந்தது. அன்னாள் அண்டை வீட்டு இந்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தார். கிருபாபாய் உதகையில் முஸ்லிம் பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தார். குடும்பத்தைக் காப்பதற்காக உலகத்துக்கு முதுகு காட்ட வேண்டும் என்று இருவருமே நினைக்கவில்லை. பிலிப்பியில் லீதியாளின் வீடும், எபேசுவிலும் ரோமிலும் பிரிஸ்கில்லாள் ஆக்கில்லாவின் வீடும் சபையாகக் கூடியதை வேதம் சொல்கிறது. விசுவாச வீடு தொடக்கத்திலிருந்தே திறந்த வீடுதான். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இருவரின் கணவர்களும் அவர்கள் வேலைக்குக் குறுக்கே நிற்கவில்லை. சத்தியநாதன் போதகர் மனைவியோடு சேர்ந்து உழைத்தார். தத்துவப் பேராசிரியரான சாமுவேல், தன் மனைவி எழுத்தாளராக அறியப்படுவதில் பெருமை கொண்டார். நம் பிரசங்கங்களில் அன்னாள்களைப் பற்றிக் கேட்கிறோம். அப்படிப்பட்ட கணவர்களைப் பற்றி யாரும் பிரசங்கிப்பதில்லை.

இனி எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். மகாகவி பாரதி நகர் என்ற முழுப்பெயரை இங்கே யாரும் சொல்வதில்லை, எம்.கே.பி. நகர்தான். வீட்டுவசதி வாரியம் மனை போட்டு உருவாக்கிய நகர் இது. ஒரு பக்கம் எருக்கஞ்சேரி நெடுஞ்சாலை, இன்னொரு பக்கம் கேப்டன் காட்டன் கால்வாய். காற்று திரும்பினால் கொடுங்கையூர்க் குப்பைமேட்டுப் புகை. பின்னி ஆலை 1996-இல் மூடியபோது வேலை இழந்த குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். அன்று முதல் பல வீடுகளில் நிலையான சம்பளம் கொண்டுவருவது பெண்தான்: ஆஸ்பத்திரி ஆயா, வீட்டு வேலை, ஏற்றுமதித் துணிக் கம்பெனி, பள்ளி ஆசிரியை, மாநகராட்சித் துப்புரவு. அன்னாளுக்கும் கிருபாபாய்க்கும் வீட்டில் வேலையாள் வைத்துக்கொள்ளும் வசதி இருந்திருக்கும். எம்.கே.பி. நகர்ப் பெண்தான் வேறு யார் வீட்டிலோ வேலையாள். அந்த இருவரையும் இங்கே கொண்டுவந்து பொருத்திப் பார்க்கும்போது இந்த வித்தியாசத்தை மறக்கக் கூடாது.

அன்னாளின் வழி இங்கே உயிரோடு இருக்கிறது. ராத்திரி எட்டரைக்கும் ஒன்பதுக்கும் தெருவில் நடந்தால் சில வீடுகளிலிருந்து கீர்த்தனை கேட்கும். பாய் விரித்து, டிவியை அணைத்து, சின்னப் பிள்ளையிடம் ஒரு வசனம் சொல்லவைத்து, பெரிய பிள்ளையிடம் வேதப்பகுதி வாசிக்கச் சொல்லி, அம்மா ஜெபித்து முடிப்பாள். மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளிக்குப் பிள்ளையைக் கூட்டிப்போவதும், ஞாயிறு பள்ளித் தேர்வுக்கு வசனம் ஒப்பிக்கவைப்பதும் அவள்தான். இதில் நன்மை உண்டு, கண்கூடாகப் பார்க்கிறேன். பள்ளிப் பாடத்தில் திக்கும் பிள்ளைகள் தாவீதின் சங்கீதத்தைத் தங்குதடையில்லாமல் வாசிக்கிறார்கள். தமிழ் வாசிப்பே அவர்களுக்கு ஜெபப்பாயில்தான் வந்தது. அன்னாளின் ஒழுங்கை நான் குறைத்து மதிப்பிடவே மாட்டேன். ஒன்று மட்டும்: குடும்ப ஜெபம் குறுகியதாக இருக்கட்டும். ஒரு பாட்டு, ஒரு பகுதி, ஒரு ஜெபம் போதும். முக்கால் மணி நேரம் நீளும் ஜெபத்தில் பிள்ளை கற்பது தூக்கம் மட்டுமே.

கிருபாபாயின் வழியைத்தான் இங்கே காணோம். ராதாவின் கதை எங்கள் தெருக்களில் தலைகீழாக நடக்கிறது. அங்கே கணவன் முதலில் விசுவாசத்துக்கு வந்தான், மனைவி தயங்கினாள். இங்கே பெரும்பாலும் பெண் தனியாக வருகிறாள். பிள்ளைக்குக் காய்ச்சல், கணவனுக்குக் குடி, தாங்க முடியாத கடன். பக்கத்து வீட்டு அக்கா ஜெபத்துக்கு அழைத்தார், போனாள், மனம் ஆறியது. கணவனும் மாமியாரும் பழைய வழியிலேயே இருக்கிறார்கள். பீரோவில் புடவைக்கு அடியில் வேதாகமத்தை வைத்திருக்கும் பெண்களை எனக்குத் தெரியும். இவர்களுக்கு 'விசுவாச வீடு' என்றால் என்ன? குடும்ப ஜெபம் நடத்த முடியாது. ஞாயிறு காலை வெளியே வருவதே போராட்டம். சபை சில நேரம் இவர்களிடம் உடனே முடிவு கேட்கிறது: பொட்டை எடு, சாமி படத்தை எடு, பொங்கல் படையலில் கலந்துகொள்ளாதே. மாமியார் இன்னொரு பக்கம் முடிவு கேட்கிறார். ராதாவுக்குக் கிடைத்த நேரம் இவளுக்கும் கிடைக்க வேண்டும். ஒரே கூரையின் கீழ் இரண்டு வழிபாடு இருந்த வீட்டிலிருந்துதான் கிருபாபாய் வந்தார். மாமியார் பரிமாறும் பொங்கலைத் தட்டிவிடாமலும், தன் ஜெபத்தை விட்டுவிடாமலும் பத்து ஆண்டு அமைதியாக வாழ்ந்த பெண்ணின் வீட்டை விசுவாச வீடு என்று ஏற்க நம் சபைகள் கற்றுக்கொள்ள வேண்டும்.

இதைவிடக் கடினமானது வேறொன்று. குடித்துவிட்டு அடிக்கும் கணவனைப் பற்றி ஒரு பெண் வாய் திறந்தால், 'ஜெபம் பண்ணும்மா, பொறுத்துக்கோ, அவர் மாறுவார்' என்பதே அவள் கேட்கும் முதல் வார்த்தை. சில இடங்களில் அதுவே கடைசி வார்த்தையும். கீழ்ப்படிதலைப் பற்றிப் பவுல் எழுதியதை எடுத்துக் காட்டுகிறார்கள். அதே இடத்தில் கணவன் தன் மனைவியைத் தன் சொந்த உடலாக எண்ணி அன்புகூர வேண்டும் என்று எழுதியிருப்பதைப் படிக்காமல் தாண்டுகிறார்கள். அடி விழும் வீட்டில் ஜெபம் நடந்தாலும் அது விசுவாச வீடு ஆகாது. ஜெபிப்பதும் 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழைப்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை இல்லை. 2005-இல் வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அவளுக்காகத்தான் இருக்கிறது என்பதைப் போதகர் மனைவிமார் சொல்லிக்கொடுத்தால் அதுவும் ஊழியம்தான்.

கூட்டங்களின் பாரத்தையும் பேச வேண்டியிருக்கிறது. வெள்ளி உபவாச ஜெபம், சனி வீட்டுக் கூட்டம், ஞாயிறு ஆராதனை, மாதத்தில் ஒரு முழு இரவு ஜெபம். எல்லாவற்றுக்கும் டீ போட்டு, சுண்டல் அவித்து, பாய் விரித்து, பாத்திரம் கழுவுகிறவள் அவளே. பெத்தானியா வீட்டில் மார்த்தாள் பல வேலையில் வருந்தியதும், மரியாள் காலடியில் அமர்ந்து கேட்டதும் லூக்கா எழுதிய கதை. மரியாள் தெரிந்துகொண்ட பங்கு அவளிடமிருந்து எடுக்கப்படாது என்றார் ஆண்டவர். நம் வீடுகளில் அது தினமும் எடுக்கப்படுகிறது, அதுவும் ஆண்டவர் பெயரால். தனக்கென்று வேதத்தைத் திறந்து அரை மணி உட்கார்ந்த பெண்ணை எங்கள் தெருக்களில் தேடிப்பாருங்கள்.

எனவே இருவரில் எந்தப் பதில் நமக்கு என்று கேட்டால், என் விடை கிருபாபாய்தான். அன்னாளின் ஒழுங்கு நம் கையில் ஏற்கெனவே இருக்கிறது. எங்கள் பெண்கள் அதைச் சொந்த எலும்பால் தாங்கிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் இல்லாதது தன் மனதுக்கான இடம், கேள்விக்கான நேரம், தோழமையான கணவன். அன்னாளே அந்த மூன்றில் நிறையப் பெற்றிருந்தார் என்பதை மறந்துவிட்டு அவர் சொன்ன கடமையை மட்டும் பெண்களிடம் கேட்கிறோம். பெண்ணிடமிருந்து தொடங்கும் வீட்டில் பிள்ளைக்கும் இடம் இருக்கும். பிள்ளையிடமிருந்து மட்டுமே தொடங்கும் வீட்டில், அந்தப் பிள்ளை வளர்ந்து போன பிறகு தாய்க்கு என்ன மிஞ்சுகிறது என்பதை எங்கள் நகரின் மூத்த பெண்களைக் கேட்டால் சொல்வார்கள்.

எம்.கே.பி. நகர் வட்டாரச் சபையாருக்கு ஒரு வேண்டுகோள். 'சகுணா'வும் 'கமலா'வும் 1998-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பாக மறுபடி வந்தன. சபையில் ஆங்கிலம் படித்த பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். அடுத்த மாதர் ஞாயிறுக்கு ராதாவின் கதையை அவர்கள் வாயால் தமிழில் சொல்லவையுங்கள். பெண்கள் கூடுகையில் டீயும் பாத்திரமும் ஒரு முறை ஆண்கள் பொறுப்பில் இருக்கட்டும். கணவன்மாரே, வாரத்தில் ஒரு மாலை குடும்ப ஜெபத்தை நீங்கள் நடத்துங்கள். அன்று அடுப்பையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.